பழைய கேம், புது வெளியீடு: எதை வெட்டினார்கள், ஏன் மாற்றினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பழைய கன்சோல்களைப் பழுதுபார்த்து, பழைய டிஸ்க்கும் கேசட்டும் வாங்கி விற்கிற சின்னக் கடை எங்களுடையது. வருகிறவர்களில் ஒரு பகுதியினர் ரிப்பேருக்காக வருவார்கள். இன்னொரு பகுதியினர், சின்ன வயதில் ஆடிய கேமைப் புது வெளியீடாக வாங்கிவிட்டு, "நான் ஆடினது இது இல்லையே" என்று குழப்பத்தோடு வந்து நிற்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணே, போனில் வைஸ் சிட்டி வாங்கினேன். முதல் காரில் ஏறியதும் வருகிற பாட்டு வரவில்லை. என் போனில் கோளாறா?

போனில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பாட்டே அதில் கிடையாது.

ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற கேம் வரிசையில் 2002-இல் வந்த அசல் வைஸ் சிட்டியில் ஆரம்பக் காட்சி முடிந்து காரை எடுத்ததும் கார் ரேடியோவின் ஃபிளாஷ் எஃப்.எம். நிலையத்தில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' ஓடும். பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய தலைமுறைக்கு அந்த இரவும் அந்த ஈரச் சாலையும் அந்தப் பாட்டும் ஒன்றாகவே மனதில் பதிந்திருக்கின்றன. பிறகு வந்த வெளியீடுகளில் மைக்கேல் ஜாக்சன் பாட்டுகளை எடுத்துவிட்டார்கள். 2012-இல் பத்தாம் ஆண்டையொட்டி வந்த மொபைல் பதிப்பிலும் அவை இல்லை.

காரணம் லைசென்ஸ். ஒரு பாட்டைக் கேமில் சேர்க்கும்போது நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிடுவதில்லை. இத்தனை வருடத்துக்கு, இன்ன இன்ன வெளியீட்டுக்கு என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். கெடு முடிந்தால் மறுபடி பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் பாட்டைத் தூக்க வேண்டும். 2008-இல் வந்த நான்காம் ஜி.டி.ஏ.வுக்கு இதுதான் நடந்தது. பத்து வருடக் கெடு 2018 ஏப்ரலில் முடிந்ததும் ஏராளமான பாட்டுகளை ஒரு அப்டேட்டில் எடுத்தார்கள். விளாடிவோஸ்டாக் எஃப்.எம். என்ற ரஷ்ய நிலையம்தான் பலமாக அடிபட்டது. அதில் வேறு பாட்டுகளை வைத்து நிரப்பினார்கள். அதே வரிசையின் சான் ஆண்ட்ரியாசுக்கு 2014-இலேயே இப்படி ஒரு அப்டேட் வந்தது.

எனக்கு இதில் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. முன்பே முழு விலை கொடுத்து டவுன்லோடாக வாங்கியவர்களின் கம்ப்யூட்டருக்குள்ளும் அந்த அப்டேட் தானாக இறங்கி, இருந்த பாட்டை எடுத்துவிட்டது. டிஸ்க்காக வாங்கி, நெட் இணைக்காமல் ஆடுபவர்களிடம் மட்டும் பாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன.

பாட்டு மட்டும்தானா? கடைப் பெயரெல்லாம்கூட மாறியிருக்கிறதே?

அதுவும் லைசென்ஸ்தான். 1999-இல் வந்த கிரேசி டாக்சியில் பயணி ஏறி "பீட்சா ஹட் போ", "கே.எஃப்.சி. போ" என்பார். 2010-இல் மறுவெளியீடு வந்தபோது அந்தக் கடைகள் பெயரில்லாத கடைகளாகிவிட்டன. அதில் ஓடிய ஆஃப்ஸ்பிரிங் என்ற ராக் குழுவின் பாட்டுகளும் போயின. பிறகு ஐபோனுக்கு வந்த பதிப்பில் பாட்டுகள் திரும்பின. ஆக, மனது வைத்துக் காசும் செலவழித்தால் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியும்.

சோனிக் 3 இன்னும் வருத்தமான கதை. 1994-இல் வந்த அந்தக் கேமின் இசையில் மைக்கேல் ஜாக்சனின் குழுவுக்குப் பங்கு உண்டு என்று பல வருடங்களாகப் பேச்சு இருந்தது. 2022-இல் சோனிக் ஆரிஜின்ஸ் தொகுப்பு வந்தபோது ஐஸ் கேப் உள்ளிட்ட சில கட்டங்களின் இசையே மாறியிருந்தது. பனிமலையில் சறுக்கிக்கொண்டு இறங்கும் அந்தக் கட்டத்தில் வேறு இசையைக் கேட்டால் வேறு ஏதோ கேம் ஆடுகிற மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் சென்சார் என்று சொல்லலாமா?

லைசென்ஸ் முடிந்து போன பாட்டைச் சென்சார் என்று சொல்லமாட்டேன். அது வியாபாரக் கணக்கு. ஒரு நாட்டின் சட்டத்துக்காகவோ, வயதுத் தரச் சான்றுக்காகவோ, யாராவது புண்படுவார்கள் என்ற பயத்திலோ வெட்டினால் அது சென்சாருக்குப் பக்கத்தில் வருகிறது. உருவாக்கியவரே பின்னாளில் யோசித்துத் தன் படைப்பைத் திருத்தினால் அது வேறு. யூடியூபில் மூன்றையும் போட்டுக் கலக்கி "கெடுத்துவிட்டார்கள்" என்று கத்துகிற வீடியோக்கள் நிறைய. அதைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, "யார் மாற்றினது, எதுக்காக மாற்றினது?" என்பதுதான்.

நம் ஊரில் சினிமாவுக்கு இருப்பதுபோல் கேமுக்குத் தணிக்கை வாரியம் உண்டா?

கிடையாது. மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் சினிமாவைத்தான் பார்க்கும். நீங்கள் டிஸ்க் உறையில் பார்க்கும் 12, 16, 18 என்ற எண்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் பெகி அமைப்பு கொடுத்தவை. அமெரிக்காவில் ஈ.எஸ்.ஆர்.பி., ஜப்பானில் செரோ, ஜெர்மனியில் யு.எஸ்.கே. என்று தனித்தனியாக இருக்கின்றன. ஈ.எஸ்.ஆர்.பி. பிறந்ததே ஒரு சண்டையில்தான். மார்ட்டல் காம்பாட், நைட் ட்ராப் ஆகிய கேம்களைக் காட்டி 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. அரசு கை வைப்பதற்குள் நாமே தரம் பிரித்துக்கொள்வோம் என்று நிறுவனங்கள் 1994-இல் அதை ஆரம்பித்தன. அந்த விசாரணையில் நைட் ட்ராப் எங்கள் கன்சோலுக்கு வரவே வராது என்று நிண்டெண்டோ தரப்பில் சொன்னார்கள். 2018-இல் அதே கேம் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது.

வாரியம் இல்லையே தவிர, தடை நமக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரலில் டிக்டாக்கைத் தரவிறக்கம் செய்யத் தடை கேட்டு உத்தரவு போட்டது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அந்த மாதமே தடை நீங்கியது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு 118 செயலிகளைத் தடுத்தபோது பப்ஜி மொபைலும் போனது. 2021-இல் அதற்கு மாற்றாக பி.ஜி.எம்.ஐ. வந்தபோது ரத்தம் பச்சையாக இருந்தது. ஒரே ஆட்டம், இந்தியாவுக்கென்று நிறம் மாற்றிய பதிப்பு. வெளிநாட்டில் பழைய கேம்களுக்கு நடந்தது எது என்று இளவட்டங்களுக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு: வெட்டாமல், மாற்றாமல், கொண்டுவராமலே விட்டுவிடுவது. 2008-இல் ஃபால்அவுட் 3-ஐ இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கலாசார உணர்வுகள் என்று பொதுவாகச் சொன்னார்களே தவிர, விவரம் சொல்லவில்லை. அந்தக் கேமில் இரட்டைத் தலை மாடுகளுக்கு 'பிராமின்' என்று பெயர். அதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள்.

நான் கேசட்டில் ஆடிய கான்ட்ராவில் மனிதர்கள்தான் சுடுவார்கள். இன்னொரு வீடியோவில் ரோபோக்கள் சுடுகின்றன. எது அசல்?

மனிதர்கள்தான் அசல். ஜெர்மனியில் சிறுவர்களுக்கான ஊடக விதிகள் கடுமையானவை. மனிதனை மனிதன் சுடும் கேம்கள் அங்கே தடைப்பட்டியலில் சேரும் ஆபத்து இருந்தது. அதனால் ஐரோப்பாவுக்கு மட்டும் வீரர்களையும் எதிரிகளில் பலரையும் ரோபோவாக மாற்றி, 'ப்ரோபோடெக்டர்' என்று பெயர் வைத்து விற்றார்கள். ஐரோப்பாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த ரோபோக்கள்தான் இளமைக்கால நினைவு. அவர்கள் அதையே தேடிப் போகிறார்கள்.

ஜப்பான் பதிப்பில் இன்னும் கூடுதலாக இருக்கும். கேசட்டுக்குள், கான்ட்ராவைச் செய்த கொனாமி நிறுவனம் தன் சொந்த சிப் ஒன்றை வைத்திருந்ததால், காட்டில் மரங்கள் அசையும், பனிக்கட்டத்தில் பனி விழும், கட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கதைக்காட்சிகள் வரும். அமெரிக்கப் பதிப்பில் அவை இல்லை.

நாம் ஆடியது எது என்று கேட்டால் பதில் கொஞ்சம் சிக்கல். தொண்ணூறுகளில் மதுரைக் கடைகளில் கிடைத்த மஞ்சள் கேசட்டுகள் பெரும்பாலும் அனுமதி இல்லாமல் நகலெடுத்தவை. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம் என்று ஸ்டிக்கர் சொல்லும். உள்ளே இருப்பது பத்திருபதுதான், மிச்சமெல்லாம் அதே கேம் வேறு கட்டத்தில் தொடங்குவது. நகல் எடுத்தவர்கள் முதல் திரையில் இருந்த நிறுவனப் பெயரையும் வருடத்தையும் அழித்துவிடுவார்கள். கடையில் இப்படி ஒரு கேசட் இருக்கிறது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் கையகலப் பலகை, நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு பிசின், அவ்வளவுதான். சிப் அந்தப் பிசினுக்குள் புதைந்திருக்கும். டி.வி.யில் போட்டால் தலைப்புக்குக் கீழே எழுத்து இருந்திருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்பாக வரும். கான்ட்ராவைக் கொனாமி செய்தது என்பதே தெரியாமல் நம் ஊரில் ஒரு தலைமுறை அதை ஆடி முடித்தது.

2019-இல் வந்த கான்ட்ரா ஆண்டுவிழாத் தொகுப்பில் அமெரிக்கப் பதிப்பு, ஜப்பான் பதிப்பு இரண்டும் இருக்கின்றன. பிந்தைய கான்ட்ரா கேம்களின் ரோபோப் பதிப்புகளையும் சேர்த்திருக்கிறார்கள். எது வேண்டுமோ அதைத் தேர்ந்து ஆடலாம். மறுவெளியீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

டூம் (Doom) என்ற சுடும் கேமில் மருந்துப் பெட்டியின் சிவப்புச் சிலுவை எங்கே போயிற்று?

செஞ்சிலுவை வெறும் மருத்துவச் சின்னம் இல்லை. போர்க்களத்தில் சுடக்கூடாதவர்களை அடையாளம் காட்ட ஜெனீவா ஒப்பந்தங்கள் பாதுகாத்து வைத்திருக்கும் சின்னம் அது. இந்தியாவிலும் 1960-இன் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது. 2012-இல் வந்த டூம் 3 பி.எஃப்.ஜி. பதிப்பில் பழைய டூம் கேம்களின் பெட்டிகளில் சிலுவைக்குப் பதில் மாத்திரை படம் வந்தது. ஹேலோ என்ற கேமின் கம்ப்யூட்டர் பதிப்பில் சிவப்பு ஆங்கில எழுத்து ஒன்றைப் போட்டார்கள். 2017-இல் பிரிசன் ஆர்கிடெக்ட் என்ற கேமைச் செய்த சின்ன நிறுவனத்துக்கு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கமே கடிதம் எழுதி மாற்றச் சொன்னது.

இந்த மாற்றத்தில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆட்டம் மாறவில்லை, காரணமும் நியாயமானது.

ஹிட்லருக்கு மீசை இல்லாத கேம் என்று ஒன்று உண்டாமே?

உண்டு. 1992-இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி-யை 1994-இல் சூப்பர் நிண்டெண்டோவுக்குக் கொண்டுபோனபோது நாஜிச் சின்னங்களை எடுத்தார்கள், ரத்தத்தை எடுத்தார்கள், காவல் நாய்களைப் பெரிய எலிகளாக்கினார்கள், ஹிட்லரின் பெயரையும் மீசையையும் எடுத்தார்கள். அது அமெரிக்காவில் நிண்டெண்டோ தானே வைத்திருந்த கொள்கை.

ஜெர்மனியில் அது சட்டம். நாஜி அடையாளங்களைப் பயன்படுத்துவதை அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தடுக்கிறது. சினிமாவுக்குக் கலை என்ற விலக்கு இருந்தது, கேமுக்கு நடைமுறையில் இல்லை. அதனால் 2017-இல் வந்த புதிய வுல்ஃபன்ஸ்டைனின் ஜெர்மன் பதிப்பிலும் ஹிட்லர் மீசையில்லாமல்தான் வந்தார். 2018 ஆகஸ்டில்தான் கேமையும் சினிமாபோல ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று யு.எஸ்.கே. அறிவித்தது. கேமும் கலைதான் என்று ஒரு நாடு ஒத்துக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

எதிரி நாஜி, ஆட்டக்காரன் அவர்களை எதிர்ப்பவன். அப்படிப்பட்ட கேமில் நாஜி என்ற சொல்லையே எடுத்துவிட்டால், யாரை எதற்காக எதிர்க்கிறோம் என்பது சிறுவனுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

சாமி, மதம் சம்பந்தமாக மாற்றியது உண்டா?

நிறைய. நிண்டெண்டோ எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்காவில் சிலுவை, பிரார்த்தனை, தேவாலயம் எல்லாவற்றையும் தவிர்த்தது. 1991-இல் அமெரிக்கா வந்த ஃபைனல் ஃபேன்டசி நான்கில் பிரார்த்தனைக் கோபுரம் விருப்பக் கோபுரமாக மாறியது.

1998-இன் 'செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' கேமில் நெருப்புக் கோயில் என்று ஒரு கட்டம் உண்டு. முதலில் வந்த கேசட்டுகளில் அங்கே இஸ்லாமியப் பிரார்த்தனை வாசகங்கள் கலந்த ஒலி பின்னணியாக வரும். விற்பனைக்குக் கிடைத்த ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டது அது. அடுத்து வந்த கேசட்டுகளில் வேறு இசை. வில்லனின் சிவப்பு ரத்தமும் பச்சையானது. கெருடோ என்ற கூட்டத்தாரின் சின்னமாக இருந்த பிறையும் நட்சத்திரமும் பின்னால் நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோல் வெளியீட்டில் வேறாக மாறின. கோரிப்பாளையம் பக்கம் பாங்கொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மாற்றம் எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. தொழுகையின் சொற்களை எரிமலைக்குள் அரக்கனோடு சண்டை போடும் இடத்தில் ஒலிக்க விடுவது சரியில்லை. எடுத்தது சரி.

அடுத்ததாக டூம் ரெய்டர் 3 (Tomb Raider, மேலே சொன்ன டூம் வேறு). 1998-இல் வந்த இந்தக் கேம் தொடங்குவதே இந்தியாவில். முதலில் காடு, அடுத்து பாழடைந்த கோயில், அப்புறம் கங்கை, கடைசியில் காளியன் குகை. இரண்டாவது கட்டத்தில் பல கைகளில் வாளோடு கல் சிலைகள் நிற்கும். கதாநாயகி லாரா பக்கத்தில் போனால் உயிர்பெற்று இறங்கி வரும். சுட்டால் வாள்களைக் குறுக்கே பிடித்துக் குண்டைத் தடுக்கும். ரசிகர்களும் வழிகாட்டிப் புத்தகங்களும் அதற்கு வைத்திருக்கும் பெயர் சிவா. மீனாட்சியம்மன் கோயிலில் கம்பத்தடி மண்டபத்துத் தூண்களில் சிவனின் திருவுருவங்களைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரனுக்கு, அந்தப் பெயரில் ஒரு சிலையைச் சுட்டு உடைப்பது முதல்முறை கை கூசத்தான் செய்யும். கங்கைக் கரையில் இருக்கும் கோயில் என்கிறார்கள். ஆனால் அது கங்கைக் கரைக் கோயில் மாதிரியும் இல்லை, நம் ஊர்க் கோயில் மாதிரியும் இல்லை. இங்கிலாந்தில் உட்கார்ந்து யாரோ கற்பனை செய்த இந்தியா அது.

2024 பிப்ரவரியில் முதல் மூன்று டூம் ரெய்டர்களும் மெருகேற்றிய தொகுப்பாக வந்தன. அதில் ஒன்றையும் வெட்டவில்லை. தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: இந்தக் கேம்களில் மக்களையும் பண்பாடுகளையும் தவறாகக் காட்டும் சித்திரிப்புகள் உள்ளன, அவை மன்னிக்கத்தக்கவை அல்ல, ஆனாலும் நீக்காமல் அப்படியே தருகிறோம் என்கிற மாதிரி. ஒரு பட்டனைத் தட்டினால் அதே இடத்தில் 1998-இன் கரடுமுரடான படம், மறுபடி தட்டினால் இப்போதைய படம். சிலைக்கு நேரே நின்று அதைத் தட்டிப் பாருங்கள். பழைய படத்தில் முகம் நாலைந்து கோணங்களில் முடிந்துவிடும். புதியதில் செதுக்கலெல்லாம் தெரியும். இரண்டுமே தப்பான கோயில்தான். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு முன் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அது சாட்சி. வெட்டியிருந்தால் அந்தச் சாட்சி போயிருக்கும். எங்கள் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் பேரனோடு உட்கார்ந்து இதை ஆடுகிறார். கோயில் வந்ததும் நிறுத்தி, நிஜக் கோயில் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

பையனுக்குப் போக்கிமான் வாங்கப்போகிறேன். அதில் சூதாட்ட மெஷின் இருக்குமாமே?

பழையவற்றில் இருக்கும். கேம் கார்னர் என்ற இடத்தில் காசு போட்டு இழுக்கும் ஸ்லாட் மெஷின். 1999-இன் கோல்டு, சில்வர் கேம்களிலும் உண்டு. அவற்றை 2009-இல் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் என்று மறுபடி எடுத்தபோது ஜப்பானுக்கு வெளியே மெஷினை நீக்கிவிட்டு, எண்களை வைத்து யூகிக்கும் வேறு ஆட்டம் வைத்தார்கள். இப்போது பெகி இன்னும் கடுமை. 2020-இலிருந்து சூதாட்டம் சொல்லிக்கொடுக்கும் புதிய கேம்களுக்கு 18 போடுகிறார்கள்.

லாட்டரியால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்து 2003-இல் அதைத் தடை செய்த மாநிலம் நம்முடையது. ஆன்லைன் ரம்மி வழக்குகளையும் பார்த்தோம். குழந்தைகள் கேமில் அந்த மெஷினை எடுத்ததற்காக யாரும் அழ வேண்டாம். பழைய கேசட்டை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அது உள்ளே இருக்கிறது என்று தெரிந்து வாங்கினால் போதும்.

அப்படியானால் மாற்றுவது சரி என்கிறீர்களா, தப்பு என்கிறீர்களா?

ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

டோனி ஹாக் ஸ்கேட்டிங் கேமின் 2020 பதிப்பில் 'மியூட் கிராப்' (மியூட் என்றால் வாய்பேசாத) என்ற வித்தையின் பெயரை 'வெடில் கிராப்' என்று மாற்றினார்கள். அந்த வித்தையைக் கண்டுபிடித்த கிறிஸ் வெடில் காது கேளாதவர். அவருடைய குறையை வைத்து அடுத்தவர்கள் சூட்டிய பெயரை எடுத்துவிட்டு அவருடைய பெயரையே வைத்தார்கள். அதைத் திருத்தம் என்றுதான் சொல்வேன்.

வைஸ் சிட்டியில் ஹைட்டி மக்களைக் கொல்லச் சொல்லும் வசனம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் வாழும் ஹைட்டிக்காரர்கள் போராடியதும், இனி வரும் பிரதிகளில் எடுத்துவிடுகிறோம் என்று 2003 டிசம்பரில் நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லிக் கொல்லு என்று வருவது எவ்வளவு உறுத்தும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

மறுவெளியீடு என்றாலே வெட்டு என்றும் இல்லை. சில நேரம் முன்பு வெட்டியது திரும்ப வருகிறது. 2004-இன் பேப்பர் மரியோவில் விவியன் என்ற பாத்திரம் ஜப்பானிய மூலத்தில் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவள். ஆங்கிலத்தில் அதை மறைத்துவிட்டார்கள். 2024 பதிப்பில் அவளே அதைச் சொல்கிறாள். இன்னொரு பக்கம், ரெசிடென்ட் ஈவில் முதல் கேமின் டைரக்டர்ஸ் கட் 1997-இல் "வெட்டப்படாதது" என்ற விளம்பரத்தோடு அமெரிக்காவில் வந்தது. போட்டுப் பார்த்தால் அதே வெட்டிய தொடக்கக் காட்சி.

எனக்குப் பிடிக்காதது சொல்லாமல் செய்வது. உறையில் 'கிளாசிக்' என்று போட்டு, உள்ளே எதை எடுத்தோம் என்று ஒரு வரி எழுதாமல் விற்பது. எதை மாற்றினோம் என்று எழுதிவைக்க ஒரு பக்கம் போதும்.

புதுசு பிடிக்கவில்லை என்றால் பழையதையே வாங்கிக்கொள்ளலாமே?

அங்கேதான் வயிறு எரிகிறது. 2021-இல் மூன்று ஜி.டி.ஏ. கேம்களின் புதிய தொகுப்பு வருவதற்கு முன்பே அசல் கேம்களை டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்தார்கள். புதிய தொகுப்பு ஓட்டை உடைசலாக வந்து ரசிகர்கள் கொதித்த பிறகு கம்ப்யூட்டர் பதிப்புகளைத் தங்கள் கடையில் திரும்ப வைத்தார்கள். 2022-இல் சோனிக் ஆரிஜின்ஸ் வருவதற்கு ஒரு மாதம் முன் பழைய சோனிக் கேம்களின் தனிப் பதிப்புகள் பெரும்பாலான கடைகளிலிருந்து போயின. 2020-இல் வார்கிராஃப்ட் 3 புதிய பதிப்பு வந்தபோது, பழையதை வாங்கி வைத்திருந்தவர்களின் கேமையே புதியதன் மேடைக்கு மாற்றிவிட்டார்கள்.

கோயில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன கதை நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சுவர் பளிச்சென்று இருக்கும், படிக்க ஒன்றும் இருக்காது. பழைய பதிப்பைக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைப்பது அதே வேலைதான்.

எவ்வளவு போய்விட்டது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று முறைப்படி விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கண்டறிந்து சொன்னது. ஆராய்ச்சியாளர்கள் நூலகங்களில் இருக்கும் பழைய கேம்களைத் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துப் படிக்க முடிகிறது. அப்படி ஒரு மேசை பழைய கேம்களுக்கும் நம் ஊரில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்போ பழைய கேமை நீங்களே நகல் போட்டுக் கொடுங்களேன்?

மாட்டோம். உரிமை வைத்திருப்பவர்கள் விற்காவிட்டாலும் அது அவர்கள் சொத்து. அசல் டிஸ்க், அசல் கேசட் மட்டும்தான் எங்களிடம் கிடைக்கும்.

வாங்குகிற டிஸ்க் எந்தப் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளேஸ்டேஷன் 1, 2 டிஸ்க்குகளில் உறையின் முதுகையும் டிஸ்க்கின் மேற்பக்கத்தையும் பாருங்கள். நான்கு எழுத்தும் ஐந்து எண்ணுமாக ஒரு குறி இருக்கும். எஸ்.எல்.யூ.எஸ். என்று தொடங்கினால் அமெரிக்கா, எஸ்.எல்.இ.எஸ். என்றால் ஐரோப்பா, எஸ்.எல்.பி.எஸ். அல்லது எஸ்.எல்.பி.எம். என்றால் ஜப்பான். வெட்டு பெரும்பாலும் நாட்டைப் பொறுத்தது என்பதால் இந்தக் குறியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கேம் பெயரோடு அந்தக் குறியையும் சேர்த்துத் தேடினால் எதெது இல்லை என்று ரசிகர்கள் எழுதி வைத்திருப்பார்கள். மறுபதிப்பாக வந்த மலிவு விலை உறைகளில் கேமும் திருத்திய பதிப்பாக இருக்கலாம். சான் ஆண்ட்ரியாஸ் அப்படித்தான். உள்ளே புதைந்திருந்த ஆபாசக் காட்சி 2005-இல் வெளியே தெரிந்து, அமெரிக்காவில் வயது வந்தோருக்கு மட்டும் என்று தரத்தை மாற்றியதும், அதை நீக்கிய டிஸ்க்குகள் வந்தன.

பிளேஸ்டேஷன் 4, 5-இல் டிஸ்க் போட்டு ஆடினால், முதல்முறை நெட் இல்லாமல் இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸ்க்கில் அச்சானது என்னவோ அதுதான் ஏறும். ஆடிப் பார்த்துவிட்டு அப்புறம் அப்டேட் தேவையா என்று முடிவு செய்யலாம். டவுன்லோடாக மட்டும் வாங்கினால் இந்த வழி இல்லை.

அட்டத்தில் பழைய கேசட்டும் டிஸ்க்கும் கிடக்கின்றன. விற்றுவிடவா?

விற்பதற்கு முன் எந்தப் பதிப்பு என்று மேலே சொன்ன மாதிரி பாருங்கள். வெட்டு விழாத முதல் அச்சாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், வாங்குகிற கடைக்காரனாக இருந்தும். மதுரை வெயிலுக்கு அட்டம் ஆகாது. உறையின் பிளாஸ்டிக் வளைந்து, டிஸ்க்கின் மேல்பூச்சு உரியும். பீரோவின் கீழ்த்தட்டில், நிமிர்த்தி வையுங்கள். அசல் கேசட்டுகள் பலவற்றில் ஆடிய கணக்கைச் சேமிக்க உள்ளே சின்ன பேட்டரி இருக்கும். போக்கிமானிலும் செல்டாவிலும் உண்டு. அது செத்தால் கேம் ஓடும், சேமித்தது நிற்காது. பேட்டரியை நேராகச் சால்டர் வைத்துச் சுடாமல், தகடு ஒட்டிய பேட்டரியாக வாங்கி மாற்ற வேண்டும். கடைக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம். ஆனால் மாற்றும்போது பழைய சேமிப்பு அழிந்துவிடும் என்பதால், பிள்ளைகளின் பழைய ஆட்டம் ஏதாவது அதில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.